பனியில் நின்ற ரயிலும் பன்னிரண்டு பேரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் கொலையாளி யார் என்பதை உடைத்துவிடப் போகிறேன். 1934 ஜனவரி முதல் தேதி லண்டனில் வெளிவந்த நாவல் இது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றிய ரகசியத்தை இன்னும் எத்தனை நாள்தான் பொத்தி வைப்பது? படிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, நாவலை முடித்த பிறகு வாருங்கள். பெரிய புத்தகம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் முடித்துவிடலாம்.

அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. படம் பார்த்திருப்பீர்கள். பெரிய மீசை வைத்த ஒருவர், பனி, சொகுசு ரயில், கொலை என்று ஏதோ ஞாபகம் இருக்கும். நானும் முதலில் படம்தான் பார்த்தேன். முடிவு தெரிந்த பிறகு நாவலைப் படித்தேன். அப்படிப் படித்ததில் நஷ்டம் ஏதும் இல்லை, லாபம்தான். யார் செய்தார்கள் என்ற அவசரம் இல்லாததால், எப்படிக் கேட்டார், எப்படிச் சொன்னார்கள் என்று கவனிக்க முடிந்தது.

கதை இதுதான். இஸ்தான்புல்லிலிருந்து ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து பிரான்ஸின் கலே துறைமுகம் வரை போகும் படுக்கைப் பெட்டி. குளிர்காலம். அந்தப் பருவத்தில் வழக்கமாகப் பாதிப் பெட்டி காலியாகத்தான் ஓடும். அன்று மட்டும் முதல் வகுப்பில் ஓர் இடம்கூட இல்லை. பெல்ஜியத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவுக்கு, ரயில் நிறுவன இயக்குநர் புக் பழைய நண்பர் என்பதால்தான் ஒரு படுக்கை கிடைக்கிறது. (குளிர்காலத்தில் ஏன் இத்தனை கூட்டம் என்பதே முதல் தடயம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது உறைக்கும்.) யுகோஸ்லாவியாவில் வின்கோவ்சி நிலையம் தாண்டியதும் ரயில் பனியில் புதைந்து நிற்கிறது. விடிந்தால், ராட்செட் என்ற பணக்கார அமெரிக்கர் தம் அறையில் பிணமாகக் கிடக்கிறார். உடம்பில் பன்னிரண்டு கத்திக்குத்து. சில ஆழமாக இறங்கியிருக்கின்றன, சில வெறும் கீறல். ஒன்றிரண்டு இடக்கையால் குத்தியதுபோல் இருக்கின்றன.

ரயிலில் போலீஸ் இல்லை. வெளியே தகவல் அனுப்ப வழியில்லை. யார் சொல்வதையும் சரிபார்க்க முடியாது. இவர் சொன்ன ஊரில் இவர் வேலை பார்த்தாரா, அவர் பெயர் உண்மையில் அதுதானா என்று ஒருவருக்கும் தந்தி அடிக்க முடியாது. புவாரோவிடம் இருப்பது ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு மேசை, எதிரே ஒரு நாற்காலி. பயணிகள் ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். நாவலின் நடுப்பாகம் முழுக்க இதுதான். ஓட்டம் இல்லை, துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை.

வானொலி அறிவிப்பாளரான எனக்கு இந்தப் பகுதி பாடப் புத்தகம் மாதிரி. பேட்டி எடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியைத் தாளில் தேடுவது. "அருமை, அடுத்து..." என்று நாங்கள் சொல்லும்போது பாதி நேரம் காது வேறெங்கோ இருக்கும். புவாரோ அந்தத் தவறைச் செய்வதே இல்லை. அவரிடம் எல்லாருக்கும் பொதுவான குரலும் இல்லை. ஹில்டகார்ட் ஷ்மிட் என்ற ஜெர்மானியப் பணிப்பெண்ணிடம் அத்தனை கனிவு. மேரி டெபன்ஹாம் என்ற ஆங்கிலேய ஆசிரியையிடம் வேண்டுமென்றே கடுமை. ஒருவர் எப்போது தளர்வார், எப்போது சீறுவார் என்று பார்த்துப் பார்த்துக் கேட்கிறார்.

அந்த ஷ்மிட்டிடம் ஓரிடத்தில், நீ நன்றாகச் சமைப்பாய் என்று எனக்குத் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். ஆமாம், நான் வேலை செய்த வீட்டு அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் மகிழ்ந்துபோய் ஆரம்பிக்கிறாள், சட்டென்று நிறுத்திக்கொள்கிறாள். சீமாட்டிகளுக்குத் தலைவாரிவிடும் தோழிப்பெண் ஏன் சமைக்கப் போகிறாள்? அவள் ஒரு வீட்டில் சமையற்காரியாக இருந்தவள் என்பது அந்த அரை வாக்கியத்தில் வெளியே வந்துவிடுகிறது.

எனக்கு இன்னும் பிடித்தது மேரி டெபன்ஹாம் மாட்டிக்கொள்ளும் விதம். அமெரிக்காவுக்குப் போனதே இல்லை என்பவள், வக்கீலிடம் பேசுவதைப் பற்றிச் சொல்லும்போது 'லாங் டிஸ்டன்ஸ்' என்று சொல்லிவிடுகிறாள். அன்றைய ஆங்கிலேயர் வாயில் வரவேண்டியது 'ட்ரங்க் கால்'. நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளும் ட்ரங்க் கால் என்றுதானே சொன்னார்கள்? பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இடமெல்லாம் அந்தச் சொல் போனது. லாங் டிஸ்டன்ஸ் என்பது அமெரிக்காவில் இருந்து பழகியவர் நாக்கில் வருவது. ஒரே ஒரு சொல். புவாரோவின் காது அதைப் பிடித்துக்கொள்கிறது.

கைக்குட்டை விவகாரமும் அப்படித்தான். பிணம் கிடந்த அறையில் 'எச்' என்ற எழுத்து பின்னிய விலையுயர்ந்த கைக்குட்டை. எச்சில் தொடங்கும் பெயர் யாருக்கு என்று நாமும் தேடிக்கொண்டிருப்போம். ரஷ்ய எழுத்தில் அதே வடிவம் 'ந' என்ற ஒலிக்கு உரியது. கைக்குட்டை நடாலியா ட்ராகோமிரோஃப் என்ற கிழ இளவரசியுடையது. இரண்டு லிபி தெரிந்த வீட்டில் வளர்ந்த நமக்கு இந்த முடிச்சு இன்னும் கொஞ்சம் இனிக்கும்.

கிறிஸ்டிக்கு இந்த ரயில் கேள்விப்பட்ட ரயில் இல்லை. 1928இல் மணமுறிவுக்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார். ஒரு விருந்தில் பாக்தாத் போய்வந்த தம்பதி ஒன்றைச் சந்தித்துப் பேசியவர், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். அந்த நாளில் முப்பத்தெட்டு வயதுப் பெண், கையில் ஒரு மகள், பின்னால் பத்திரிகைகள் கிளறிய விவகாரம், முன்னால் பாலைவனம். இரண்டாம் முறை போனபோது மேக்ஸ் மல்லோவன் என்ற தொல்லியல் அறிஞரைச் சந்தித்தார். 1930இல் மணந்தார். 1931 டிசம்பரில் அகழாய்வு நடந்த நினிவேயிலிருந்து தனியாகத் திரும்பும்போது மழை வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட, அவர் ஏறிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றது. வீடு சேர இரண்டு நாள் தாமதம். உடன் வந்த பயணிகள் பற்றிக் கணவருக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் ஊராக இருந்தால் இப்படியா விட்டிருப்பார்கள் என்று புலம்பித் தீர்த்த ஓர் அமெரிக்க அம்மாளும் அதில் உண்டு. நாவலில் வாய் ஓயாமல் பேசும் திருமதி ஹப்பர்ட்டைப் படிக்கும்போது அந்த அம்மாள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அதற்கு முன்பே, 1929 குளிர்காலத்தில், துருக்கியின் செர்கஸ்கோய் அருகே இந்த ரயில் பனியில் பல நாள் சிக்கிக் கிடந்ததும் உலகச் செய்தி.

இஸ்தான்புல்லின் பெரா பலாஸ் ஹோட்டலில் 411ஆம் அறையைக் காட்டி, இங்கேதான் எழுதினார் என்கிறார்கள். நூலின் சமர்ப்பணப் பக்கத்திலோ கணவரின் பெயரெழுத்துகளோடு 'அர்ப்பாச்சியா, 1933' என்று இருக்கிறது. ஈராக்கில் மல்லோவன் தோண்டிய மேடு அது. ஹோட்டல் கதையை நம்புவதா, ஆசிரியர் கையெழுத்தை நம்புவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்திலும் அந்தப் பெயரின் சாயல் ஒன்று ஓடுகிறது. 1993இல் தொடங்கி, 2020இல் நின்று, 2024இல் மறுபடி சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ். கட்டணத்தைப் பார்த்துவிட்டு, ஈப்போவுக்கு ஈடிஎஸ் போதும் என்று நான் நிறுத்திக்கொண்டேன்.

சரி, ரயிலுக்குள் திரும்புவோம். செத்தவன் யார்?

ராட்செட் என்பது பொய்ப் பெயர். அவன் கஸெட்டி. அமெரிக்காவில் டெய்ஸி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூன்று வயதுக் குழந்தையைக் கடத்தி, பிணைப்பணம் வாங்கிக்கொண்டு, கொன்றும் போட்டவன். அந்தச் செய்தியில் வயிற்றுப் பிள்ளைக்காரியான தாய் இறந்துபோகிறாள், தகப்பன் தற்கொலை செய்துகொள்கிறான். பிடிபட்ட கஸெட்டி பணத்தாலும் செல்வாக்காலும் ஏதோ ஒரு சட்ட ஓட்டையில் நழுவி விடுதலையாகிறான். பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் அந்த வீட்டோடு தொடர்புடையவர்கள். பாட்டி, பாட்டியின் தோழி, சமையற்காரி, செவிலி, கார் ஓட்டி, இப்படி. பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு குத்து குத்தியிருக்கிறார்கள். கொலையாளி யார் என்றால், எல்லாரும்.

1934இல் இதைப் படித்தவர்களுக்குப் பெயர் சொல்லாமலே விளங்கியிருக்கும். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தையை 1932 மார்ச் முதல் தேதி இரவு, நியூ ஜெர்சி வீட்டின் தொட்டிலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். 50,000 டாலர் கொடுத்தும் பயனில்லை. மே மாதம் வீட்டுக்குச் சற்றுத் தொலைவிலேயே உடல் கிடைத்தது. கிறிஸ்டி எழுதிக்கொண்டிருந்தபோது இந்த வழக்கில் யாரும் பிடிபடவில்லை. புருனோ ஹாப்ட்மன் கைதானது 1934 செப்டம்பரில். அதாவது நாவல் கடைக்கு வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு. உலகமே யார், யார் என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் கிறிஸ்டி தம் கதையில் ஒருவனை நிறுத்தி, இவன்தான் என்று சொல்லி, தண்டனையும் கொடுத்துவிட்டார். வாசகர்களுக்கு அது எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்!

பன்னிரண்டு என்ற எண்ணும் அவர்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும். ஆங்கிலேய ஜூரியில் பன்னிரண்டு பேர். சிங்கப்பூர் 1969இல் சட்டம் இயற்றி ஜூரியைக் கைவிட்டது. மலேசியாவில் 1995 ஜனவரியோடு முடிந்தது. என் வயதுக்காரர்களுக்கு ஜூரி என்றாலே பழைய சினிமாதான். நாவலில் ஆர்புத்நாட் என்ற இராணுவக் கர்னல், ஜூரி விசாரணை நல்ல முறை என்று அழுத்திச் சொல்வதை முதல் முறை நான் சும்மா கடந்து போனேன். அவர் தம்மைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்குள் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேர் செய்தது சரி என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். படத்தில் கைதட்டுகிறோம். சட்டம் கைவிட்டது, இவர்கள் முடித்தார்கள், தீர்ந்தது. எதை நம்பி அப்படி நினைக்கிறோம்? கஸெட்டிதான் செய்தான் என்று ஆசிரியர் சொல்கிறார். அதில் நமக்கு ஒரு துளி ஐயமும் வராதபடி பார்த்துக்கொள்கிறார். அந்த ஒரு உத்தரவாதத்தின் மேல்தான் நாவலின் முழு நியாயமும் நிற்கிறது.

ஆனால் அதே நாவலுக்குள் ஒரு மூலையில் சூசன் இருக்கிறாள். ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இளம்பெண். இவளுக்கு ஏதோ தெரியும் என்று போலீஸ் திடமாக நம்பியது. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் உயிரை விட்டுவிட்டாள். பிறகுதான் அவள் முற்றிலும் நிரபராதி என்று தெரிந்தது. பெட்டி நடத்துனர் பியேர் மிஷேல் அவளுடைய தகப்பன். ஹார்ட்மன் என்ற அமெரிக்கத் துப்பறிவாளர் அவளைக் காதலித்தவர். ஆக, பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் குழந்தைக்காக மட்டும் வரவில்லை, சூசனுக்காகவும் வந்திருக்கிறார்கள். அவளை விரட்டி விரட்டிக் கேட்டவர்கள் யாரும் அந்த ரயிலில் இல்லை. குத்து எல்லாம் கஸெட்டிக்குத்தான்.

சூசனும் கற்பனை மட்டும் இல்லை. லிண்ட்பெர்க் மனைவியின் தாய் வீட்டில் வயலட் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பணிப்பெண் வேலை பார்த்தாள். அன்றிரவு எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொன்னாள். கள்ளி என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1932 ஜூன் மாதம், மறுபடியும் விசாரணைக்கு வரவேண்டும் என்று சொன்ன அன்று அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். கடத்தல் நடந்த இரவு அவள் வேறு சிலரோடு வெளியே போயிருந்தாள், அவ்வளவுதான். கிறிஸ்டி இதைச் செய்தித்தாளில் படித்திருக்கவேண்டும். ஒரே சம்பவத்திலிருந்து பன்னிரண்டு பேரின் உறுதியையும் எடுத்துக்கொண்டார், அந்த உறுதி தவறினால் என்ன ஆகும் என்பதையும் எடுத்துக்கொண்டார். முதலாவதை ரயில் முழுக்க நிரப்பினார். இரண்டாவதைச் சில பத்திகளில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாம் முதலாவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெள்ளை வேன் செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும். பள்ளிக்கூட வாசலில் வெள்ளை வேன் நிற்கிறது, பிள்ளைகள் கவனம். கூடவே ஓர் ஆளின் படம். ஒருமுறை அனுப்பிய அத்தையைக் கூப்பிட்டேன்.

"யாரு பாத்தது அத்த?"

"தெரியலம்மா. எல்லாரும் அனுப்புறாங்க. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

அத்தையின் மேல் தப்பில்லை, பேரப்பிள்ளைகள் மேல் உள்ள பயம். இதே பயம்தான் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்து வழியில் காத்திருந்தது. குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் காரில் போனது. மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் அதில் இருந்தார்கள். வழியில் கண்ட பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிற கூட்டம் நடமாடுகிறது என்ற செய்தி அந்த வட்டாரத்துக் கைப்பேசிகளில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. குடும்பத்து மூதாட்டி அடிபட்டே இறந்துபோனார், மற்றவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்களிடம் கேட்டிருந்தால், அந்த நிமிடத்தில் அவர்களும் ஒரு குழந்தைக்காகத்தான் அடித்ததாகச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று நிதானமாகக் கேட்டு, பதிலை முழுசாகக் காதில் வாங்க அங்கே ஒரு மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை.

புவாரோ கடைசியில் இரண்டு விடைகளை முன்வைக்கிறார். ஒன்று, வெளியாள் ஒருவன் வழியில் ஏறி, நடத்துனர் சீருடையில் வந்து, கொன்றுவிட்டுப் பனியில் இறங்கிப் போய்விட்டான். இன்னொன்று, நாம் பார்த்த உண்மை. எதைப் போலீசிடம் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இயக்குநர் புக்கிடமும் டாக்டர் கான்ஸ்டன்டைனிடமும் விடுகிறார். அவர்கள் பொய்யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புவாரோ விலகிக்கொள்கிறார். நாவல் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கிறிஸ்டி கண்ணீரும் விடவில்லை, கைதட்டவும் இல்லை.

படம் எடுத்தவர்களுக்கு அந்த அரைப் பக்கம் போதவில்லை. 2010 தொலைக்காட்சிப் படத்தில் டேவிட் சூஷே ஜெபமாலையைப் பிடித்தபடி கலங்கிய கண்களோடு பனியில் நடந்து போகிறார். பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு இருப்பதிலேயே மிகப் பிடித்த புவாரோ அவர்தான். 2017இல் கென்னத் பிரானா பன்னிரண்டு பேரையும் ஒரு நீண்ட மேசையில் வரிசையாக உட்காரவைத்தார், மீசையையும் தேவைக்கு மேல் வளர்த்தார். 1974 படத்தின் மீசையைப் பற்றி, போதாது என்று கிறிஸ்டியே குறைபட்டுக்கொண்டாராம். அந்தக் குறை 43 ஆண்டு கழித்துத் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 1974 படத்தை இயக்கியவர் சிட்னி லுமெட். அதில் எல்லாம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் கோப்பையைத் தொட்டுக்கொள்கிறார்கள், ஏதோ கல்யாண வீடுபோல. இதே லுமெட்டின் முதல் திரைப்படம் 1957இல் வந்த '12 ஆங்ரி மென்'. அதிலும் பன்னிரண்டு பேர், ஒரே அறை, ஒரு கொலை. தகப்பனைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஒரு பையனுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பதினொரு பேர் குற்றவாளி என்று கை உயர்த்த, ஒருவர் மட்டும் எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் பேசலாமே என்கிறார். இரண்டு படத்திலும் இருக்கும் நடிகர் மார்ட்டின் பால்சம். முதல் படத்தில் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து வாக்கெடுக்கும் ஜூரித் தலைவர். இரண்டாவதில், இரண்டு விடைகளில் எது என்று முடிவு சொல்லும் ரயில் இயக்குநர்.

இரண்டையும் ஒரே வார இறுதியில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை ரயில். ஞாயிற்றுக்கிழமை ஜூரி அறை. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.